அட்டைக்கு நடுவில் பூ: கோவை வடவள்ளி நாட்குறிப்பு

ஜூன் 14, சனி

பூவைத் தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைக்கும் வேலையை இன்று ஆரம்பித்தாயிற்று. இதற்கென்று திருகு வைத்த மரப்பலகை விற்கிறார்கள். விலையைப் பார்த்ததும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்த பார்சல் பெட்டிகளையே வெட்டிக்கொண்டேன். அந்த அட்டைக்குள் நெளிநெளியாக ஓடும் இடைவெளி வழியே காற்று போய்வரும், ஈரம் தங்காது.

அடுக்கும் முறை சுலபம்தான். அட்டை, அதன்மேல் செய்தித்தாள், வெள்ளைத்தாள், பூ, திரும்பவும் வெள்ளைத்தாள், செய்தித்தாள், அட்டை. அச்சு மை இதழில் ஒட்டாமலிருக்கத்தான் வெள்ளைத்தாள். வாரப்பத்திரிகையின் வழவழத் தாள் உதவாது, ஈரத்தை உறிஞ்சவே உறிஞ்சாது.

பாரத்துக்கு மாடியில் சும்மா கிடந்த அம்மிக்கல். அம்மா பார்த்துவிட்டு, "அதுல ஒரு சட்னி அரைன்னா கை வலிக்குது. பூவுக்குன்னா மட்டும் தூக்க முடியுதா கண்ணு?" என்றார்.

முதல் சுற்றில் சங்குப்பூ, செம்பருத்தி, காகிதப்பூ, அம்மா கட்டியதில் மிச்சமிருந்த மல்லி.

ஜூன் 15, ஞாயிறு

தாள் மாற்றினேன். முதல் மூன்று நாளும் தினமும் மாற்ற வேண்டும், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். பாரம் பூவைத் தட்டையாக்கும், அவ்வளவுதான். காயவைப்பது தாள்.

மல்லி ஒரே இரவில் பழுப்பாகிவிட்டது. செம்பருத்தி இதழ் தாளோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. தலைக்குத் தேய்க்க அரைத்தால் வழவழவென்று வருமே, அந்தப் பசைதான். சங்குப்பூ மட்டும் நீலம் குறையாமல், நடுவில் இருக்கும் வெண்மஞ்சள் தீற்றல்கூடக் கலையாமல் இருக்கிறது.

ஜூன் 18, புதன்

மலைப்பக்கம் மேகம் மூடியிருக்கிறது, நாள் முழுக்கத் தூறல். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேகமாக அடிக்கிறது. அது ஈரத்தைக் கொண்டுபோகிறதா, கொண்டுவருகிறதா என்று சொல்வது கஷ்டம். நனைந்த பூவை எடுக்கக் கூடாது, உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். வெயில் வந்து இலையில் ஈரம் உலர்ந்தபின், பத்து மணிவாக்கில் பறிப்பது நல்லது. இன்று அப்படி ஒரு பத்து மணி வரவேயில்லை.

ஜூன் 22, ஞாயிறு

காகிதப்பூவை வெளியே எடுத்தேன். காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு: கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. இது சில்லென்று இல்லை. நிறமும் பறித்தபோது இருந்த அதே அடர் ரோஸ்.

நாம் பூ என்று சொல்லும் அந்த ரோஸ் நிறப் பகுதி உண்மையில் பூவடிச் செதில், இலை இனத்தைச் சேர்ந்தது. நடுவில் குச்சி குச்சியாக நிற்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. செதிலில் பசையும் இல்லை, நீரும் அதிகமில்லை. அதனால்தான் யார் அழுத்தினாலும் இது நன்றாக வருகிறது.

இந்தச் செடியை ஐரோப்பியத் தாவரவியலுக்குக் கொண்டுபோனதும் ஒரு தாள் கட்டுதான். 1766-இல் பிரான்ஸிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பிய புகேன்வில்லின் பயணத்தில் ஃபிலிபேர் கொமெர்சோன் என்ற தாவரவியலாளர் இருந்தார். கூடவே உதவியாளராக ஒரு 'இளைஞன்'. உண்மையில் அது ழான் பாரே என்ற பெண். பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்கள் ஏற அனுமதி இல்லை என்பதால் ஆண் உடையில் ஏறியவர். 1767-இல் ரியோ டி ஜெனிரோவில் இந்தச் செடியைச் சேகரித்தார்கள். கொமெர்சோனுக்குக் காலில் புண், நடக்க முடியாத நாட்கள் நிறைய. அதனால் அந்தக் கிளையை ஒடித்தது பாரேயின் கைதான் என்று நம்புகிறவர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. செடிக்குப் பயணத் தலைவர் புகேன்வில்லின் பெயர் போய்விட்டது, அதுதான் 'போகன்வில்லா'. பாரே பெயரில் ஒரு செடி வர 2012 ஆகிவிட்டது: தென்னமெரிக்காவில் வளரும், நம் கத்தரிக்குச் சொந்தக்காரச் செடி ஒன்று.

உப்புக்காற்றில், ஆடும் கப்பலில், தாள் மாற்றி மாற்றிக் காயவைத்திருக்கிறார்கள். நான் வடவள்ளித் தூறலுக்கு அலுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 28, சனி

மருதமலை ரோட்டோரமாக நடந்துவிட்டு வந்தேன். உன்னிப்பூ, தும்பை, நித்யகல்யாணி, வெட்டுக்காயப்பூண்டு. வரவர கடைப்பூ மேலே கண் போவதில்லை. மல்லி, ரோஜா, சம்பங்கி, நாம் காசு கொடுத்து வாங்குவதெல்லாம் மணத்துக்கும் சதைப்பற்றுக்கும் பேர்போனவை. தாளுக்குள் மணம் நிற்காது, சதை அழுகும். யாரும் திரும்பிப் பார்க்காத ரோட்டோரப் பூக்களே தாளுக்கு ராசி.

மயில்கொன்றையைப் பக்கவாட்டில் படுக்கவைத்தேன். நீளமான சிவப்பு மகரந்தக் கம்பிகளை ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பிரித்து, விசிறிபோல் பரப்பிய பிறகே மேல்தாள். ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டிய வேலை.

ஜூலை 6, ஞாயிறு

வெட்டுக்காயப்பூண்டு இருந்த தாளைத் திறந்தால் பூவைக் காணோம், பஞ்சு! பறித்து, அட்டைக்கு நடுவில் வைத்து, அம்மிக்கல்லைப் பாரம் வைத்த பிறகும் அது விடாமல் விதை முற்றவைத்திருக்கிறது. ஒவ்வொரு விதைக்கும் ஒரு இறகுக் குஞ்சம். மூச்சு பட்டதும் நாலு விதை பறந்து சோபாவுக்கு அடியில் போனது. செவ்வந்தி, சூரியகாந்தி வகையறாவே இப்படித்தான், பாதி திறந்த பூவாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

ஜூலை 12, சனி

ஒட்டும் வேலை. ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, பல் குச்சியால் காம்பிலும் இதழின் அடியிலும் சின்னச் சின்னப் புள்ளி. மைதாப் பசை வேண்டாம், பூச்சிக்கு விருந்து.

இங்கே பக்கத்தில், வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது, இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்துடையது. இப்படி உலர்த்திய செடிகளைத் தாள் தாளாக அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஹெர்பேரியத் தாளில் செடியின் பெயரோடு இடம், தேதி, சேகரித்தவர் பெயர் எல்லாம் இருக்கும். பூவின் நிறத்தையும் எழுதுவார்கள். செடி கண்ணெதிரே இருக்கும்போது நிறத்தை எதற்கு எழுத வேண்டும் என்று முன்பு தோன்றியிருக்கும். என் உன்னிப்பூவின் ஆரஞ்சு இப்போதே மங்கத் தொடங்கிவிட்டதால் அந்தக் கேள்வி எழவில்லை. நானும் எழுதினேன்: "உன்னி. வடவள்ளி, வேலியோரம். 28 ஜூன். ஓரத்தில் ஆரஞ்சு, நடுவில் மஞ்சள்."

ஹெர்பேரியங்களில் பூச்சி வராமலிருக்கத் தாள்களை உறைநிலைக்குக் கீழே கொஞ்ச நாள் வைத்தெடுப்பது வழக்கம். நானும் ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்தேன். ஒரு வாரம் இருக்கட்டும். அம்மா ஐஸ் டிரேயை வைக்க இடம் தேடிக்கொண்டே, "மல்லி வாங்கினா வைக்க இடமில்லங்கற, ரோட்டுச் செடிக்கு ஃப்ரீசரா?" என்றார். மல்லி கீழ்த்தட்டுக்குப் போனது.

பக்கத்து வீட்டு அக்கா, மகள் கல்யாண மாலையிலிருந்த செண்டுமல்லி ஒன்றைக் கொடுத்து, இதையும் அழுத்தித் தா என்று கேட்டிருக்கிறார். முழுசாக வைத்தால் அழுகிவிடும். இதழ்களைத் தனித்தனியாக உதிர்த்துக் காயவைத்து, ஒட்டும்போது வட்டமாக அடுக்கிப் பூவாக்கிவிடலாம் என்று சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். இதழ் உரிக்க நாளைக்கு அவரையும் உட்காரச் சொல்லியாயிற்று.