புத்தகத்தில் கிடந்த புகையிலைத் தூள்

மூன்று வருடத்துக்கு முன்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி திருப்பிக் கொடுத்த கதைப் புத்தகத்தைப் பிரித்தேன், பக்கத்துக்குப் பக்கம் புகையிலைத் தூள். தென்காசிப் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள், நோட்டில் தூள் ஒட்டி வருவது புதிதில்லை. ஆனால் இது கடைசிப் பக்கம் வரை இருந்தது. கேட்டதற்கு, "நான் பாதிதான் படிச்சேன் டீச்சர், எங்கம்மாதான் முழுசும் படிச்சா" என்றாள்.

நூலகப் பொறுப்பு என்னிடம் வந்து எட்டு வருடமாகிறது. தனி அறை கிடையாது. இரண்டு பீரோ, ஒரு நீள மேசை, ஓர் இருப்புப் பதிவேடு. பெற்றோருக்கும் புத்தகம் கொடுக்கலாமே என்று பேச்செடுத்தால் ஆசிரியர்கள் தயங்குவது அந்தப் பதிவேட்டை நினைத்துத்தான். தணிக்கையில் புத்தகங்களைத்தான் எண்ணுவார்கள், எத்தனை பேர் படித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில் காணாமல் போன 11 புத்தகங்களுக்குப் பொறுப்பாசிரியர் தன் கைப்பணத்தைக் கட்டினார், அதற்கப்புறம் அந்த பீரோவை அவர் திறக்கவே இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, ஊரில் பொது நூலகம் எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். 1948-லேயே சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது, வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் எங்களுக்குக் கிளை நூலகம் 6 கிலோமீட்டர் தள்ளி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற பெண், தட்டை இறக்கி வைத்துவிட்டு ஒரு கதைப் புத்தகத்துக்காக பஸ் ஏறுவாரா? பள்ளிக்கு எப்படியும் வருகிறார். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். கட்டட வேலைக்கும் கழிப்பறைக்கும் அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்கிறோம். 60 ரூபாய்ப் புத்தகத்தை மட்டும் நம்பிக் கொடுக்க மாட்டோமா?

அந்தக் குழுவிலேயே தீர்மானம் போட்டோம். வெள்ளிக்கிழமை பள்ளி விடும் நேரத்தில், பிள்ளை பெயரில் பதிந்து, பெற்றோருக்கு ஆளுக்கு ஒரு புத்தகம். தொலைந்தால் ஆசிரியர் தலையில் விழாது. பிள்ளைகள் கேட்டு வைத்த புத்தகம் பெரியவர்களுக்குக் கிடையாது, அதில் நான் கறார். இரண்டு வருடத்தில் திரும்பி வராதவை நான்கு. பள்ளியில் பிள்ளை படிக்காத ஊர்க்காரர்களும் கேட்கிறார்கள், அவர்களுக்கு இன்னும் கொடுக்கவில்லை. யார் வருகிறார், யார் போகிறார் என்று வாசலில் நின்று பார்க்க எங்களிடம் ஆள் இல்லை, பிள்ளைகள் இருக்கிற இடம். அதற்கு ஓர் ஆள் கிடைத்தால் அவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

போன வாரம் அந்த அம்மா வந்தார். "எழுத்து கொஞ்சம் பெருசா இருக்க புஸ்தகம் இருந்தா குடுங்க டீச்சர், ராத்திரி கண்ணு தெரிய மாட்டேங்கு" என்றார். இரண்டு பீரோவிலும் தேடினேன். பெரிய எழுத்தில் இருந்ததெல்லாம் ஒன்றாம் வகுப்புக்கு வாங்கியவை.