கேஸ்9 சொந்த டிஎன்ஏவை ஏன் வெட்டுவதில்லை? திரையில் தேடிப் பார்த்தது

பாக்டீரியாவின் வைரஸ் எதிர்ப்பு அமைப்பான கிரிஸ்பர் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. தாக்க வந்த வைரஸின் டிஎன்ஏ துண்டை பாக்டீரியா தன் மரபணுத்தொகுதியிலேயே சேர்த்து வைக்கிறது. அந்தத் துண்டைப் படியெடுத்த வழிகாட்டி ஆர்என்ஏவை வைத்துத்தான் டிஎன்ஏவை வெட்டும் புரதமான கேஸ்9 இலக்கைத் தேடுகிறது. வைரஸிலும் அதே வரிசை, வீட்டுக்குள்ளும் அதே வரிசை. பிறகு வீட்டை மட்டும் எப்படி விட்டுவைக்கிறது? பிஏஎம் என்ற மூன்றெழுத்துக் குறி பக்கத்தில் இருந்தால்தான் வெட்டும் என்பது தெரிந்த பதில். அந்தக் குறியைப் புரதம் எதைக் கொண்டு தொட்டுப் பார்க்கிறது என்று நேரில் பார்க்க ஆசைப்பட்டேன்.

புரதத் தரவு வங்கியிலிருந்து 4யுஎன்3 கோப்பை இறக்கி, மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் கைமெராஎக்ஸ் மென்பொருளில் திறந்தேன். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸின் கேஸ்9. மார்ட்டின் யினெக் குழு 2014-ல் வெளியிட்ட கட்டமைப்பு. வெட்டும் இரண்டு மையங்களையும் முடக்கிய வடிவம் என்பதால் டிஎன்ஏ அறுபடாமல் இருக்கிறது. திறந்ததும் 1,368 அமினோ அமிலங்களின் நாடாக்கள் திரையை அடைத்துக்கொண்டன. புரதம் முழுவதையும் மறைத்துவிட்டு டிஎன்ஏவை மட்டும் வைத்தேன். அப்புறம் 1333, 1335 ஆகிய இடங்களில் உள்ள ஆர்ஜினைன் என்ற இரண்டு அமினோ அமிலங்களை மட்டும் குச்சி வடிவில் வரவழைத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளைக் காட்டச் சொன்னேன்.

அந்தக் காட்சியில் வெகுநேரம் நின்றுவிட்டேன். டிஎன்ஏ முறுக்கில் ஓடும் பெரிய பள்ளத்துக்குள் இரண்டு ஆர்ஜினைன்களும் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. 1333 பிஏஎம்மின் இரண்டாம் எழுத்தான குவானினையும் (ஜி), 1335 மூன்றாம் எழுத்தான குவானினையும் பிடித்திருக்கின்றன. முதல் எழுத்தை எதுவும் பிடிக்கவில்லை. அங்கே எந்த எழுத்தும் வரலாம் என்பதன் காரணம் கண்முன்னே இருக்கிறது. எதிர் இழையின் இரண்டு சைட்டோசின்களையும் புரதம் எழுத்தாகப் படிக்கவில்லை.

அடுத்து 4இசட்டி0. ஜெனிஃபர் டௌட்னா குழு 2015-ல் வெளியிட்டது. ஆர்என்ஏ மட்டும் ஏறிய, டிஎன்ஏவை இன்னும் சந்திக்காத கேஸ்9. இதை முந்தைய கட்டமைப்பின் மேல் பொருத்திப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வியப்பு. குறியைப் படிக்கும் இரண்டு ஆர்ஜினைன்களும் அதற்குள் தயாராக, ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கின்றன. டிஎன்ஏ வந்த பிறகு கை நீட்டும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை, முன்பே நீட்டி வைத்திருக்கிறது.

சரி, சொந்த டிஎன்ஏ? இதே பாக்டீரியாவின் கிரிஸ்பர் வரிசையில், சேமித்த துண்டு முடிந்ததும் வரும் மீள்வரிசை (துண்டுகளுக்கிடையே திரும்பத் திரும்ப வரும் வரிசை) ஜி, டி, டி, டி, டி, ஏ என்று தொடங்குகிறது. பிஏஎம் இருக்க வேண்டிய இடத்தில் ஜிடிடி. இரண்டாவதும் மூன்றாவதும் தைமின் (டி). குவானின் பெரிய பள்ளத்தின் பக்கம் ஒரு நைட்ரஜனையும் ஓர் ஆக்சிஜனையும் காட்டுகிறது. ஆர்ஜினைன் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். தைமினில் அந்த ஜோடி இல்லை. பிடி கிடைக்காததால் இரட்டை இழை பிரிவதில்லை, ஆர்என்ஏ ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டமே வருவதில்லை. 1,368-ல் இரண்டே அமினோ அமிலங்கள் இந்தக் காவலைச் செய்கின்றன என்பது எனக்கு இன்னும் பிரமிப்பாகவே இருக்கிறது.

மிச்சம் இருப்பது ஹெச்என்ஹெச், வெட்டும் இரண்டு மையங்களில் ஒன்று இருக்கும் பகுதி. 4யுஎன்3-ல் அது வெட்ட வேண்டிய இடத்திலிருந்து தள்ளியே நிற்கிறது. பிஏஎம் குறி உள்ள இழை நீளமாக இருக்கும் 5எஃப்9ஆர் கோப்பை அடுத்து இறக்கி, அந்தப் பகுதி எவ்வளவு நெருங்கி வருகிறது என்று அளக்கப்போகிறேன்.