லண்டன் பக்கம் வாதாடியவர்கள்

உயர்தர வகுப்பில் எங்களுக்கு வரலாறு படிப்பித்த சேர், அமெரிக்கப் புரட்சியை ஒரு வழக்காகத்தான் நடத்துவார். வகுப்பில் பாதி அமெரிக்கரின் பொஸ்ரன், பாதி பிரித்தானியரின் லண்டன். பொஸ்ரன் பக்கம் சேர எல்லோருக்கும் அடிபிடி. கடைசி வாங்கில் இருந்த எங்களுக்கு மிஞ்சியது லண்டன்.

“எங்கட பக்கம் நியாயமே இல்லையே சேர்” என்று முணுமுணுத்தோம். “அப்ப கடனை ஆர் கட்டுறது?” என்றார். அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் திறந்தோம். பிரெஞ்சுக்காரரோடு நடந்த ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது பிரித்தானியாவின் கடன் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. போரால் பாதுகாப்புப் பெற்ற அமெரிக்கக் குடியேற்றவாசிகளும் ஒரு பங்கு தரட்டும் என்று லண்டன் நினைத்தது. 1765இல் முத்திரைச் சட்டம் வந்தது. காணி உறுதி, பத்திரிகை, ஏன், விளையாடும் கடதாசிக்குக்கூட வரி. எங்கள் ஆள் ஒருவரும் இல்லாத நாடாளுமன்றம் எங்களுக்கு வரி போடக்கூடாது என்று பொஸ்ரன் பக்கம் கத்தியது. அவர்கள் அப்போது தனிநாடு கேட்கவில்லை; இங்கிலாந்தில் உள்ளவனுக்கு இருக்கும் உரிமையைத்தான் கேட்டார்கள்.

பாடப்புத்தகம் ஓரிரு வரியில் கடந்துபோகும் 1766 மார்ச் 18ஆம் திகதியில் சேர் ஒரு முழுப் பாடவேளை நின்றார். அன்றுதான் முத்திரைச் சட்டம் நீக்கப்பட்டது. அதே நாளில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது: குடியேற்றங்களுக்கு எந்த விடயத்திலும் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, “காசைத் திருப்பிக் குடுத்தாச்சு. கயிறு ஆரிட்ட?” என்றார். லண்டன் பக்கம் இருந்த நாங்களே வாயடைத்துப் போனோம்.

தேயிலைக் கதை அப்புறம் சுலபமாக விளங்கியது. 1767இல் கண்ணாடி, ஈயம், கடதாசி, தேயிலை என்று வரி போட்டார்கள். எதிர்ப்பு வலுக்க, 1770இல் தேயிலை வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினார்கள். 1773ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிழக்கிந்தியக் கம்பனியின் தேயிலை மலிந்தது. மலிந்த தேயிலையைத்தான் அந்த டிசம்பர் 16 இரவு பொஸ்ரன் கடலில் கொட்டினார்கள், 342 பெட்டிகள். அதைக் குடித்தால் லண்டனின் வரியதிகாரத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். கள்ளமாகத் தேயிலை கடத்தி, இந்த மலிவால் தங்களுக்கு நட்டம் என்று எதிர்த்தவர்களும் கூட்டத்தில் இருந்தார்கள் என்பதை எங்கள் பக்கம் விடாமல் சுட்டிக்காட்டியது. சேர் அதற்குப் புள்ளி போட்டார்.

இதற்குப் பதிலடியாக லண்டன், பொஸ்ரன் துறைமுகத்தை மூடி, மாசச்சூசெட்ஸின் சுயாட்சியைப் பறித்தது. பொஸ்ரனை மட்டும் தண்டித்தால் மற்றவர்கள் ஒதுங்குவார்கள் என்பது கணக்கு. 1774இல் பன்னிரண்டு குடியேற்றங்கள் பிலடெல்பியாவில் ஒன்றுகூடின. அடுத்த ஏப்ரலில் லெக்சிங்ரனில் வெடி. அதற்குப் பிறகும் அவர்கள் மன்னருக்குச் சமாதான மனு அனுப்பியதை நான் பெரிய விடயமாக நினைக்கிறேன். மூன்றாம் ஜோர்ஜ் அதை வாங்கவே இல்லை. அவர்களைக் கலகக்காரர் என்று அறிவித்தார். 1776 ஜூலைப் பிரகடனத்துக்குப் பாதி வழியை அவரே வெட்டிக் கொடுத்தார் என்பேன். விடுதலை பேசியவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பதையும் சேர் மறைக்கவில்லை.

இங்கே ரொறொன்ரோவில் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தும்போது ஒன்று சொல்வேன்: மன்னருக்கு விசுவாசமாக நின்று தோற்றவர்களில் ஆயிரக்கணக்கானோர் வடக்கே ஓடிவந்து குடியேறிய மாகாணம் இந்த ஒன்ராறியோ. நான் வாதாடிய கட்சிதான்.

பிரகடனத்தோடு பாடம் முடிந்தது என்று நாங்கள் புத்தகத்தை மூட, சேர் எங்களைத் திருகோணமலைச் சுவாமிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோணேசர் கோயிலுக்குப் பக்கத்தில் நின்று கடலைக் காட்டினார். அமெரிக்கருக்குத் துணையாகப் பிரான்ஸ் இறங்க, ஒல்லாந்தரும் இழுபட, சண்டை திருகோணமலைக்கே வந்துவிட்டது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரின் கோட்டையைப் பிடித்தார்கள். ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சப்ரன் அதைப் பறித்தார். செப்ரெம்பர் 3 இந்தக் கடலில் இரண்டு கப்பற்படைகளும் மோதின. சரியாக ஒரு வருடம் கழித்து அதே திகதியில் பாரிஸில் அமெரிக்க சுதந்திரத்தை பிரித்தானியா ஏற்றுக் கையெழுத்திட்டது. கோட்டை மீண்டும் ஒல்லாந்தரிடம் போனது. 1795இல் ஆங்கிலேயர் திரும்பவும் வந்தார்கள். எங்களுக்கு 1948இல் சுதந்திரம் கிடைத்தும், திருகோணமலைக் கடற்படைத் தளத்தை அவர்கள் கையளித்தது 1957இல்தான்.

இதில் ஒன்றும் சோதனைக்கு வரவில்லை. வெயிலில் மலை ஏற்றினார் என்று அன்று சேரைத் திட்டாத ஆள் இல்லை.