ஊசியும் உண்டு, மாத்திரையும் உண்டு

எனக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) என்று மதுரையில் நரம்பியல் மருத்துவர் சொன்னபோது, காரைக்குடியில் எங்கள் சொந்தபந்தத்தில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "நரம்புத் தளர்ச்சிதானே, சரியாப் போயிரும்" என்றார்கள். அதுவல்ல இது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகிற நோய்.

எனக்கு முதலில் ஒரு கண் மங்கியது. ஸ்டீராய்டு டிரிப் ஏற்றியபின் பார்வை திரும்பியது. அப்புறம் இடது கால் மரத்தது. எம்.ஆர்.ஐ., முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை எல்லாம் முடிந்து டைமெத்தில் ஃப்யூமரேட் மாத்திரை ஆரம்பித்தார்கள். புதிய தாக்குதல்கள் வருவதை அது குறைக்கும். ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்ட இறுக்கத்துக்கும் அசதிக்கும் அதனிடம் பதில் இல்லை. அந்த மிச்சத்துக்காகத்தான் அக்குபங்சர் என்கிற சீன ஊசி வைத்தியத்தின் பக்கம் போனேன்.

எங்கள் ஆத்தாவுக்குச் சீன வைத்தியம் புதிதில்லை. ஐயா மலேசியாவில் ஈப்போவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ண, போயிருந்த காலத்தில் சீனர் மருந்துக்கடைத் தைலம்தான் வீட்டுக்கு வரும். "போய்த்தான் பாரேன்" என்று முதலில் சொன்னதே ஆத்தாதான்.

முதலில் பார்த்தவர் பக்கத்து ஊர்க்காரர். நாடி பிடித்தார், கையில் ஒரே ஒரு ஊசி குத்தினார். பிறகு, "இங்கிலீஷ் மருந்தை எல்லாம் இன்றோடு நிறுத்துங்கள், ஸ்கேன் பக்கமே போகாதீர்கள்" என்றார். காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இந்த நோயில் அறிகுறி எதுவும் இல்லாத நாட்களிலும் மூளையில் புதிய திட்டுகள் விழலாம்; எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். இன்னொன்றும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு ஆரம்ப வருடங்களில் தாக்குதல் வருவதும் சில வாரங்களில் தானாகத் தணிவதுமாக இருக்கும். தணிகிற நேரத்தில் யாரிடம் போயிருந்தாலும் நல்ல பெயர் அவருக்குத்தான். அந்த வைத்தியரின் சுவரில் மாட்டியிருந்த நன்றிக் கடிதங்களில் எத்தனை அப்படி வந்தவையோ!

அடுத்தவர் காரைக்குடியிலேயே இருக்கிறார். பிசியோதெரபி படித்துவிட்டு அக்குபங்சரும் கற்ற பெண். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். "நோயைக் குணப்படுத்துவேன்னு நான் சொல்லமாட்டேன், ஆச்சி. இறுக்கம், வலி, தூக்கம் இதுல முயற்சி பண்ணலாம். மாத்திரையை நிறுத்தினா எங்கிட்ட வராதீங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவரிடம் ஊசி போட்டுக்கொள்ளச் சம்மதித்தேன்.

மதுரை மருத்துவரிடமும் சொன்னேன். எம்.எஸ்.ஸுக்கு அக்குபங்சர் பற்றி நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, சுத்தமான ஊசியாக இருந்தால் செய்துகொள்ளுங்கள் என்றார். பாக்கெட்டை என் கண்முன்னே பிரிக்க வேண்டும், ஒருமுறை பயன்படுத்திய ஊசியைத் தூக்கிப் போட வேண்டும். அவர் வைத்த நிபந்தனை அவ்வளவுதான்.

ஊசி முடி போல மெல்லியது. முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரற்கடை தள்ளி வெளிப்பக்கம் ஜூசான்லி என்றொரு புள்ளி. அங்கே குத்தியதும் வலியைவிட ஒரு கனம்தான் காலில் இறங்கியது. வலது காலில் அது நன்றாகத் தெரிந்தது. மரத்த இடது காலில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வெறும் வயிற்றோடு போகக்கூடாது, மயக்கம் வரும். இட்லி சாப்பிட்டுவிட்டுப் போவேன்.

சிக்கல் மாக்ஸாவில் வந்தது. மாசிபத்திரி வகைச் செடியின் காய்ந்த இலையைச் சுருட்டிப் பற்றவைத்து, தோலுக்கு அருகில் காட்டிச் சூடேற்றுவார்கள். குளிர்ச்சியால் வந்த இறுக்கத்துக்கு அது நல்லது என்பது சீன வைத்தியக் கணக்கு. எம்.எஸ். உடம்போ சூட்டுக்கு ஆகாது. உடல் வெப்பம் கொஞ்சம் ஏறினாலும் மயலின் தேய்ந்த நரம்பில் செய்தி தடுமாறும். உடற்பயிற்சிக்குப் பின் இந்த நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதை 1890இல் ஊத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் கவனித்து எழுதினார்; சூடுதான் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. மாக்ஸா வைத்த அன்று கால் துவண்டு, வீட்டுக்காரர் தாங்கிப் பிடித்துத்தான் ஆட்டோவில் ஏற்றினார். வீட்டில் ஆத்தங்குடிக் கல் தரையில் ஈரத்துணி போட்டுப் படுத்தேன். சாயங்காலத்துக்குள் பழைய நிலைக்கு வந்தது. மரத்த தோலில் சுட்டாலும் தெரியாது என்பது வேறு. அதோடு மாக்ஸாவும் சூட்டு விளக்கும் வேண்டாம் என்று ஊசி போடும் அந்தப் பெண்ணும் நானும் முடிவு செய்தோம். கத்திரி வெயிலில் ஊசிக்கே லீவு.

மலேசியாவிலிருந்து வந்த அண்ணன் ஒரு பொட்டலம் மூலிகை கொண்டுவந்தார். அதில் ஹுவாங் சி வேர் இருந்தது. எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவதற்கென்று கொடுப்பது. எனக்கோ எதிர்ப்பு சக்தி மிஞ்சிப் போனதுதான் நோயே. மற்ற வேர்களுக்குப் பெயர்கூட எழுதியில்லை. 1990களில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை சாப்பிட்ட பல பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒரு மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோகிக் அமிலம் உள்ள வேறொன்று கலந்துவிட்டிருந்தது. என் மாத்திரைக்கோ ஏற்கெனவே ஈரல் பரிசோதனையும் வெள்ளணு எண்ணிக்கையும் பார்த்தபடி இருக்க வேண்டும். பொட்டலத்தைத் தொடவில்லை. அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கணக்கு எழுதுவது எங்கள் வீட்டில் தலைமுறைப் பழக்கம். ஊசி தொடங்கும் முன்பே ஒரு நோட்டில் இரவுப் பிடிப்பு, தூக்கம், நடை, அசதி என்று பத்தி பிரித்து வைத்தேன். ஊசி போட்ட வாரங்களில் இரவு ஆடுதசைப் பிடிப்பு குறைந்து தூக்கம் நீண்டது நோட்டில் தெரிகிறது. பகல் அசதி அன்றைக்கு மட்டும் கொஞ்சம் குறைந்து மறுநாள் வந்துவிடும். மரமரப்பும் நடைத் தடுமாற்றமும் அப்படியே. நடையில் கிடைத்த கொஞ்சநஞ்ச முன்னேற்றம் வீட்டில் தினம் செய்யும் நீட்டல் பயிற்சியால் என்றுதான் எனக்குப் படுகிறது. தூக்கம்கூட ஊசியாலா, அரைமணி நேரம் யாரும் கூப்பிடாமல் படுத்திருந்ததாலா என்று கேட்டால் என் நோட்டில் பதில் இல்லை. பிடிப்புக்கான பேக்லோஃபென் அளவை மருத்துவர் சற்றுக் குறைத்திருக்கிறார். முக்கிய மாத்திரையில் கை வைக்கவில்லை.

ஆடி கழிந்ததும் மறுபடி ஊசிக்குப் போவேன். அதற்கு முன் மதுரையில் வருடாந்திர எம்.ஆர்.ஐ. இருக்கிறது. அந்த ரிப்போர்ட்டின் நகல் தனக்கும் வேண்டும் என்று ஊசி போடும் பெண் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.