பெர்பெரின்

‘சர்க்கரைக்குச் சீன மூலிகை’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் படிக்காமலே தள்ளிவிடுவேன். பெர்பெரின் மட்டும் விதிவிலக்கு. ஹுவாங்லியான் என்கிற கசப்புக் கிழங்கில் இருப்பது; சீனாவில் வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பார்கள். நம்ம மரமஞ்சளிலும் உண்டு.

2008இல் ஷாங்காய் ஆய்வு ஒன்று வெளியானது. புதிதாக டைப் 2 சர்க்கரை கண்ட 36 பேர். சிலருக்கு பெர்பெரின், மற்றவர்களுக்கு வழக்கமான சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின். இரண்டுமே 500 மில்லிகிராம், தினம் மூன்று வேளை. மூன்று மாதத்தில் பெர்பெரின் குழுவின் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரை நிலவரத்தைக் காட்டும் அளவு) சராசரி 9.5 சதவீதத்திலிருந்து 7.5க்கு இறங்கியது. கிட்டத்தட்ட மெட்ஃபார்மின் அளவுக்கே!

சரி, நல்ல முடிவுதான். ஆனால் வெறும் 36 பேர், மூன்று மாதம். இதை நம்பி மெட்ஃபார்மினை நிறுத்தச் சொல்கிறார்களே, அதுதான் கடுப்பு. வயிற்று உபாதை வரும், வேறு மாத்திரைகளோடு மோதும், கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. இதையெல்லாம் அந்த ஃபார்வர்டுகளில் யாரும் எழுதுவதில்லை.