எந்த வெள்ளம்?

2012ஆம் ஆண்டு, சிறப்பு மலர் ஒன்றில் எழுதுவதற்காக, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையைச் சேர்ந்த மூத்த கூத்து அண்ணாவியார் (கூத்தைப் பழக்கி ஆட வைக்கும் ஆசான்) ஒருவரை நேர்காணச் சென்றிருந்தேன். மண்முனைப் பாலம் அப்போது திறக்கப்படவில்லை. மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றி வாவியைக் கடக்கையில் (இங்கு பாதை என்பது ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவை) கேள்விகளை மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பிறந்த ஆண்டு, பழக்கிய கூத்துகள், பெற்ற விருதுகள் என இருபதுக்கு மேல் இருந்தன. அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். எழுதி முடித்தபோது அது வேலைக்கு அனுப்பும் சுயவிவரக் கோவையைப் போல இருந்தது.

அதில் உயிருள்ளதாகப் பட்டது, தகப்பனாரின் கூத்துக் கொப்பிகளைப் பற்றிய ஒரு வாக்கியம்தான்: "அப்பாட கொப்பியெல்லாம் வெள்ளத்தோட போயித்து மனே." முந்திய ஆண்டு ஜனவரியில் மட்டக்களப்பு நீரில் மூழ்கிக் கிடந்ததை நானே பார்த்திருந்தபடியால், யோசிக்காமல் 2011 என்று எழுதிவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது அவர் சிரித்தார். "இந்த வெள்ளம் இல்ல மனே, அம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம்."

எங்கள் பகுதி முதியவர்கள் காலத்தை 1957 வெள்ளம், 1978 சூறாவளி, 2004 சுனாமி ஆகியவற்றைக் கொண்டே அளக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. என் வீட்டிலேயே "சூறாவளிக்கு அடுத்த வருசம்" என்றுதான் பேச்சு நடக்கும். தெரிந்திருந்தும், ஆண்டை மட்டும் கேட்கும் கேள்விகளோடு போயிருந்தேன்.

மறுபடியும் பாதை ஏறினேன். இம்முறை ஒரே கேள்வி: அந்த வெள்ளத்தின்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? மீசை முளைக்காத வயதில் அவர் பெண் வேடத்துக்குச் சட்டம் (ஆடுபவர் பாடமாக்குவதற்கான அவருடைய பகுதி) வாங்கியிருந்தாராம். களரியில், அதாவது ஆடுமேடையில், ஏறுமுன் வெள்ளம் வந்துவிட்டது. நீர் வடிந்த பின், தகப்பனார் பாடப் பாட இவர் பாடசாலைக் கொப்பியொன்றில் கூத்து முழுவதையும் திரும்ப எழுதியிருக்கிறார். தகப்பனாருக்கோ மத்தளத்தில் கை வைத்தால்தான் பாட்டு வரும், வெறுமனே சொல்ல வராது; எழுதும் கை பின்தங்கி "நில்லுங்க அப்பா" என்றால், அவர் அந்தத் தருவை, அதாவது கூத்துப் பாட்டை, முதலிலிருந்து தொடங்குவார். ஒரே தருவை ஏழெட்டுத் தடவை கேட்க நேர்ந்ததால், எழுதி முடியுமுன்னரே அது மனப்பாடமாகிவிடுமாம். இதைச் சொல்லும்போது அவருடைய வலக்கை விரல்கள் கதிரைக் கையில் தாளமிட்டுக்கொண்டிருந்தன.

பழைய பிரதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தக் கொப்பியில் தொடங்கி எழுதினேன். விருதுகள் கடைசியில் ஒரு வரிக்குள் அடங்கின. "வெள்ளத்துக்கு முந்தி", "சூறாவளிக்குப் பிறகு" என்று அவர் சொன்னவற்றை அப்படியே விட்டு, வெளியூர் வாசகருக்காக ஆண்டை அருகில் சேர்த்தேன்.

மலர் வெளிவந்ததும் மகளைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்டுவிட்டு அழைத்தார். கட்டுரையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நான் எழுதியிருந்த தாளக்கட்டில் ஒரு 'தக' குறைகிறது என்றார்.