சாட்டிலைட் ரேடியோ போன பிறகு: சிங்கப்பூர் வீட்டுக்கும் காருக்கும் வானொலிச் சேவை பார்த்து எடுப்பது

வேர்ல்டுஸ்பேஸ் என்ற பழைய செயற்கைக்கோள் வானொலிச் சேவையின் பெட்டியைக் கொண்டுவந்து, "இதில் மறுபடியும் தமிழ்ப்பாட்டு வருமா?" என்று கேட்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். வராது. ஆசியாவுக்கான ஏசியாஸ்டார் செயற்கைக்கோள் 2000 மார்ச்சில் ஏவப்பட்டது. நிறுவனம் 2008 அக்டோபரில் திவாலானது. கே.எல். ரேடியோ என்ற தமிழ் அலைவரிசையையும் மற்ற அலைவரிசைகளையும் இந்தியாவில் சந்தா கட்டிக் கேட்டவர்களுக்கு 2009 டிசம்பர் 31 கடைசி நாள். ஹிட்டாச்சி, ஜேவிசி, பானாசோனிக், சான்யோ என்று எந்தப் பெயர் போட்ட பெட்டியானாலும் செயற்கைக்கோள் பகுதி இனி உயிர் பெறாது. சில மாடல்களில் எஃப்.எம்மும் சிற்றலையும் இருக்கும். அதற்காக வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் மின்கழிவுத் தொட்டிதான்.

அந்தச் சேவை சிங்கப்பூரில் ஏன் சிரமப்படுத்தியது என்பதைத் தெரிந்துகொண்டால், இப்போது எதை வாங்கலாம் என்பதிலும் குழப்பம் குறையும். ஏசியாஸ்டார் கிழக்கு தீர்க்கரேகை 105 பாகையில் நின்றது. சிங்கப்பூர் 103.8. அதாவது செயற்கைக்கோள் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே, 88 பாகை உயரத்தில். சென்னையில் அதே செயற்கைக்கோள் 57, 58 பாகை சாய்வில் தெரிந்ததால், தென்கிழக்கு பார்த்த ஜன்னலில் ஆண்டெனாவை வைத்தாலே போதும். இங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்தாலும் பயனில்லை. உச்சியில் இருப்பது மேல்மாடிக்காரரின் தரை. 1.5 கிகாஹெர்ட்ஸ் அலை கான்கிரீட் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே வராது. ஆண்டெனாவை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கட்டுவதோ, விழுந்தால் யார் தலையிலோ என்ற வேலை. வீட்டில் டிஷ் வைத்து டிவி செயற்கைக்கோளில் வரும் வானொலியைப் பிடிக்கலாமா என்றால், உரிமம் இல்லாமல் இங்கே டிஷ் வைக்க முடியாது.

ஆக, வீட்டுக்கு மிஞ்சுவது மூன்று: எஃப்.எம்., இணைய வானொலிப் பெட்டி, கைப்பேசிச் செயலி.

எஃப்.எம்மைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிங்கப்பூரின் தமிழ் நிலையமான ஒலி 96.8 மட்டும் போதும் என்பவருக்கு நல்ல எஃப்.எம். பெட்டி ஒன்று போதும், மாதக் கட்டணம் எதுவும் கிடையாது. இரைச்சல் வந்தால் பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் பக்கத்தில் இருக்கும் மலிவான யுஎஸ்பி சார்ஜரையும் எல்ஈடி விளக்கையும் அணைத்துப் பாருங்கள். பாதி வீடுகளில் குற்றவாளி அதுதான். ஆண்டெனா ஒடிந்துபோயிருந்தால் 75 சென்டிமீட்டர் வயர் ஒன்றை அதன் அடியில் இணைத்தால் 96.8க்குச் சரியான கால் அலை நீளம் கிடைக்கும். செங்குத்தாகவும் சாய்வாகவும் வைத்துப் பார்த்து, எது தெளிவோ அப்படி ஒட்டிவிடலாம். வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த பெட்டியில் டிஏபி (டிஜிட்டல் வானொலி) பொத்தான் இருந்தால் அதை மறந்துவிடுங்கள். சிங்கப்பூரில் அந்த ஒலிபரப்பு 2011 டிசம்பரில் நின்றுவிட்டது.

சென்னை, கொழும்பு, கோலாலம்பூர் நிலையங்களும் வேண்டும், கைப்பேசியைத் தொடாமல் ஒரு பொத்தானை அமுக்கினால் பாட வேண்டும் என்றால் இணைய வானொலிப் பெட்டி. இங்கேதான் சேவைகளுக்கு இடையே உண்மையான போட்டி, அதை யாரும் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிடுவதில்லை. இந்தப் பெட்டிகள் நிலையப் பட்டியலைத் தாமாக வைத்திருப்பதில்லை. பின்னால் இருக்கும் ஒரு தொகுப்புச் சேவையிடம் கேட்டு வாங்குகின்றன. ஏரபிள், விடியூனர், டியூன்இன் போன்றவை அவை. ரெசிவா என்ற சேவை 2021இல் மூடப்பட்டபோது அதை நம்பியிருந்த பெட்டிகளில் நிலையப் பட்டியலே வராமல் போனது. வன்பொருளில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் பெட்டி ஊமை. வேர்ல்டுஸ்பேஸுக்கு நேர்ந்த அதே கதி, இந்த முறை செயற்கைக்கோள் இல்லாமல். ஃபிரன்டியர் சிலிக்கான் சில்லு போட்ட பெட்டிகள் 2019இல் விடியூனரிலிருந்து ஏரபிளுக்கு மாற்றப்பட்டதால் பிழைத்தன; சேமித்து வைத்த விருப்பங்களைத்தான் பலர் மறுபடி போட வேண்டியிருந்தது.

எனவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதுக்கு எந்த போர்ட்டல்?" மேலே சொன்ன தொகுப்புச் சேவையைத்தான் போர்ட்டல் என்பார்கள். பதில் தெரியவில்லை என்றால் கையேட்டைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் காசு. அடுத்து, அந்தச் சேவையின் தளத்தில் உங்களுக்கு வேண்டிய நிலையம் இருக்கிறதா என்று கைப்பேசியிலேயே தேடுங்கள். நாடு வாரியாகத் தேடாமல் மொழி வாரியாகத் தேடினால் நல்லது, தமிழ் நிலையங்கள் இந்தியா, இலங்கை, மலேசியா, கனடா என்று சிதறிக் கிடக்கின்றன. பட்டியலில் இல்லாத நிலையத்தின் முகவரியை நாமே சேர்க்கும் வசதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்த வசதி போர்ட்டலின் தளம் வழியாக மட்டும்தான் என்றால், போர்ட்டல் போகும் நாளில் அதுவும் போகும். பெட்டிக்குள்ளேயே சேமிக்க முடிந்தால் மேல். எஃப்.எம்மும் புளூடூத்தும் சேர்ந்திருக்கும் பெட்டியாக எடுத்தால் எது மூடினாலும் பெட்டி வீணாகாது. இந்த ஒன்றுக்காக முப்பது நாற்பது வெள்ளி கூடக் கொடுப்பது தப்பில்லை என்பது எங்கள் கருத்து.

பழைய பெட்டியை இரவலாகவோ இரண்டாம் கையாகவோ வாங்குபவர்களுக்கு இன்னொரு சிக்கல். நிலையங்கள் பலவும் இப்போது https முகவரிக்கும், m3u8 என்று முடியும் துண்டு துண்டான ஓடைக்கும் (ஸ்ட்ரீம்) மாறிவிட்டன. பழைய பெட்டி எம்பி3 நேரோடையை மட்டும் புரிந்துகொள்ளும். பாதுகாப்புச் சான்றிதழும் தொல்லை தரும்: முகவரி நம்பத்தக்கதா என்று கருவிகள் சரிபார்க்கப் பரவலாகப் பயன்பட்ட ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30இல் காலாவதியானதும், புதுப்பிக்கப்படாத கருவிகள் பலவற்றில் பல முகவரிகள் திறக்க மறுத்தன. பட்டியலில் பெயர் தெரிகிறது, அழுத்தினால் "இணைக்கிறது" என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று.

வைஃபை பக்கம் வருவோம். பல வீவக வீடுகளில் ஃபைபர் முனையை ஒட்டி ரௌட்டர் பாம் ஷெல்டர் என்ற பாதுகாப்பு அறைக்குள்ளோ அதன் அருகிலோ உட்கார்ந்திருக்கும். அந்தச் சுவர் இரும்பு கலந்த தடித்த கான்கிரீட், கதவு எஃகு. படுக்கையறையில் வானொலி விட்டு விட்டுப் பாடுவதற்கு முதல் காரணம் அது. ரௌட்டரை இரண்டு மீட்டர் நீளக் கேபிளில் வெளியே எடுத்து வைத்தாலே பல வீடுகளில் சரியாகிவிடும். கேபிளுக்கு சிம் லிம் டவர் பக்கம் போனால் போதும்.

பெட்டி வைஃபையில் சேரவே மறுத்தால்: இந்த ரகப் பெட்டிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும், டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை அவற்றுக்குத் தெரியாது. புது ரௌட்டர்கள் 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைப்பதால் பெட்டி தடுமாறும். ரௌட்டரில் விருந்தினர் வலைப்பின்னல் ஒன்றைத் திறந்து, 2.4 மட்டும், டபிள்யூபிஏ2 மட்டும் என்று வைத்து, சுருக்கமான கடவுச்சொல் கொடுங்கள். திருகியைச் சுழற்றிச் சுழற்றி ஒவ்வோர் எழுத்தாக உள்ளிட வேண்டிய பெட்டியில் கடவுச்சொல் நீளமானால் அழுகை வரும். பாட்டு அறுந்தால், எல்லா நிலையமும் அறுகிறதா ஒன்று மட்டுமா என்று பாருங்கள். எல்லாம் என்றால் வைஃபை. ஒன்று மட்டும் என்றால் அந்த நிலையத்தின் சேவையகம். நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

பெரியவர்களுக்குப் பொருத்தும்போது மறக்கக் கூடாதது: பெரும்பாலான பெட்டிகளில் எஃப்.எம்முக்கு ஒரு நினைவக வரிசை, இணையத்துக்கு வேறொன்று. எஃப்.எம். நிலையில் 1ஐ அமுக்கினால் ஒன்று, இணைய நிலையில் 1ஐ அமுக்கினால் மற்றொன்று. "நேத்து வந்துச்சு, இன்னைக்கு வரல" என்ற புகாரில் பெரும்பங்கு இதுதான். இரண்டு வரிசையிலும் 1இல் ஒலி 96.8ஐயே போட்டுவிடுங்கள். இந்திய நிலையத்துக்கு அலாரம் வைப்பதானால் இரண்டரை மணி நேரத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். சென்னையில் காலை 6 மணி நிகழ்ச்சி இங்கே எட்டரைக்கு.

செயலியில் ஒலி 96.8 கேட்க மீலிசன், ஆகாசவாணிக்கு நியூஸ்ஆன்ஏர், இரண்டும் இலவசம். வீட்டு வைஃபைக்கு வெளியே தரவுக் கணக்கு எளிது: 64 கிலோபிட் ஓடை மணிக்குச் சுமார் 29 மெகாபைட், 128 என்றால் 58, கட்டணப் பாட்டுச் செயலிகளின் 320 தரம் என்றால் 144. தினமும் இரண்டு மணி நேரம் 128இல் கேட்டால் மாதம் மூன்றரை கிகாபைட். சிறிய திட்டத்தில் இருப்பவர்கள் தரத்தை 64க்கு இறக்கிக்கொள்ளலாம். பேச்சு நிகழ்ச்சிக்கு வித்தியாசமே தெரியாது.

காரில் வேறு பிரச்சினை. ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள் பலவற்றின் அசல் ஒலிப்பெட்டி 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும், 96.8 அதில் கிடையாது. நிலையத்தின் அலைவரிசையை அந்த எல்லைக்குள் இறக்கித் தரும் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சிறு பெட்டியை ஆண்டெனா வயருக்கு நடுவில் பொருத்தி, சாவி திருப்பும்போது வரும் 12 வோல்ட்டைக் கொடுக்க வேண்டும். 12 மெகாஹெர்ட்ஸ் இறக்கும் வகை என்றால் 96.8 திரையில் 84.8ஆகத் தெரியும்; 102க்கு மேல் உள்ள நிலையங்கள் எட்டாது. பொருத்திய பிறகும் வெறும் இரைச்சல் என்றால் பெரும்பாலும் 12 வோல்ட் வயர் விட்டுப்போயிருக்கும். சலித்துவிட்டால் புளூடூத் உள்ள புது ஒலிப்பெட்டியே போட்டுவிடலாம். நிலையத்தை வண்டி நகரும் முன் தேர்ந்தெடுங்கள், ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடிப்பது இங்கே குற்றம்.

அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ வேலைக்கோ படிக்கவோ போகிறவர்கள் இன்றும் உண்மையான சாட்டிலைட் ரேடியோவைச் சந்திப்பார்கள். எக்ஸ்எம், சிரியஸ் என்ற இரண்டு அமெரிக்கச் சேவைகள் முறையே 2001இலும் 2002இலும் தொடங்கி, ஆறேழு ஆண்டு அடித்துக்கொண்டு 2008 ஜூலையில் ஒன்றாயின. இப்போது நிறுவனம் ஒன்றுதான், ஆனால் பழைய கார்ப் பெட்டிகள் இரண்டு தொழில்நுட்பமாகப் பிரிந்தே இருக்கின்றன. எக்ஸ்எம் தொடக்கத்திலிருந்தே நிலநடுக்கோட்டுக்கு மேல் நிற்கும் செயற்கைக்கோள்களை நம்பியதால் வட மாநிலங்களில் அவை தெற்கு வானில் தாழ்வாகத் தெரியும், மரமும் மலையும் மறைக்கும். சிரியஸ் முதலில் மூன்று செயற்கைக்கோள்களை நீள்வட்டப் பாதையில் சுற்றவிட்டு அவற்றை உயரத்தில் தெரியவைத்தது. பழைய கார் வாங்கும்போது அதில் எந்தப் பெட்டி என்று பார்த்துத்தான் சந்தா கேட்க வேண்டும். அலைவரிசைப் பட்டியலில் சிறு வேறுபாடுகள் உண்டு. அறிமுக விலை முடிந்ததும் கட்டணம் தானாக ஏறும், எனவே முடியும் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரத்து செய்யப் பேசினால் பல நேரம் குறைந்த விலை மறுபடி கிடைக்கும். ஊர் திரும்பும் முன் கணக்கை மூடிவிடுங்கள். அந்த நிறுவனத்தின் செயலி சிங்கப்பூரில் பாடாது.